இரண்டு அங்குல ஆசை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டாவது காபிக்காகக் காத்திருந்தேன். வாசலில் ஒரு ஜிப்ஸி வந்து நின்றது. என் தங்கை மகன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் இன்ஜினியர். பழைய ஜிப்ஸி ஒன்றை வாங்கி ஆறு மாதமாகத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருக்கிறான். பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் அவன் மனைவி, மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

"மாமா, வண்டியை ரெண்டு இன்ச் ஏத்தணும். 235 டயர் போடப் போறேன். நீங்க ஸ்பிரிங் கம்பெனியில இருந்தவர். நாப்பதாயிரத்துக்குள்ள முடியுமா, சொல்லுங்க."

"முடியும்டா. அந்த நாப்பதாயிரத்துல எது எதுக்கு எவ்வளவு?"

கணக்கு வைத்திருந்தான். டயருக்கே முக்கால்வாசி போய்விடுகிறது. மீதியில் லேத்தில் கடைந்த நீளமான ஷேக்கிள் நான்கு ஜோடி. பட்டறைக்காரர் பழைய பட்டை ஒன்றை வெட்டி ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் கூடுதலாகச் செருகித் தருவாராம். கூலியும் அதில் அடக்கம்.

"பிரேக் ஹோஸ்?"

"அது அப்படியே இருக்கட்டும் மாமா. நல்லாத்தான் இருக்கு."

இதே வாக்கியத்தை 1993-இல் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நானும் தலையாட்டினேன்.

அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. பழைய வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஸ்பிரிங் தொழிற்சாலையில் 27 வருடம் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் இருந்தேன். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் கம்பெனி பஸ். ரயில் என்றால் சென்னை வரை போய் அடுத்த லைன் பிடித்துத் திரும்ப வேண்டும், அதனால் பஸ்தான். அந்த பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர், மெயின்டனன்ஸ் ஆள். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார். அவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. லீவு நாளில் பழவேற்காடு பக்கம் சவுக்குத் தோப்புகளுக்குள் அதை ஓட்டிப் போவதுதான் எங்கள் இருவருக்கும் உல்லாசம்.

அந்த ஜீப்பைத்தான் தூக்கினோம். பெரிய டயர் மலிவாகக் கிடைத்தது, மட்காட்டில் உரசியது, ஆகவே தூக்க வேண்டும். இன்றைக்கு என் மருமகன் சொல்கிற அதே தர்க்கம். ஷேக்கிளை நீட்டினோம். ஸ்பிரிங்குக்கு வளைவு கூட்டிப் பட்டைகளை முறையாக உலையில் போட்டு எடுத்துக் கொடுத்தது நான். நைட் ஷிப்டில், யாருக்கும் தெரியாமல். (இப்போது சொன்னால் பென்ஷன் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) வண்டி உயர்ந்ததும் ஷாக் அப்சார்பர் எட்டவில்லை. அதன் கீழ் முனைக்கு ஒரு இரும்புத் துண்டை வைத்து நீட்டிவிட்டோம். பிரேக் ஹோஸைப் பார்த்தேன், கொஞ்சம் விறைப்பாக இருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

எங்களுக்குத் தோன்றாத விஷயம் இதுதான். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆக்சில் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்கு ஏதாவது ஒன்று எல்லை கட்ட வேண்டும். அதுவரை ஷாக் அப்சார்பரின் நீளம் அந்த எல்லையைக் கட்டியிருந்தது. நாங்கள் அதை நீட்டியதும், ஆக்சிலைக் கடைசியாகப் பிடித்து நிறுத்தும் பொருள் ஒரு ரப்பர் குழாய் ஆகிவிட்டது. தோப்பில் ஒரு வரப்பைத் தாண்டும்போது அது கிழியத் தொடங்கியிருக்கிறது. முழுதாகக் கிழிந்தது பொன்னேரி சாலையில், எதிரே மாட்டுவண்டி வந்தபோது. அந்தக் காலத்து ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு இடத்தில் ஆயில் போனால் எல்லாம் போச்சு. மிதி தரை வரை இறங்கியது. அவர் ஸ்டீயரிங்கை ஒடித்தார். முன்பைவிட உயரமாகியிருந்த வண்டி, வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி மாதிரி வாய்க்காலில் குடை சாய்ந்தது. எனக்குத் தாடையில் ஆறு தையல். அவருடைய இடது கால் வண்டிக்கு அடியில். இன்றைக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார்.

ஜீப்பைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது என் ஸ்பிரிங்குக்கு ஒரு கீறல் கூட இல்லை. முப்பது வருடமாக அதைப் பெருமையாகவும் சொல்ல முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு. வண்டியை மாற்றவே கூடாது என்று சொல்கிற கட்சி அல்ல அது. கையில் பணம் குறைவாக இருக்கும்போது நம் பையன்கள் அதைத் தலைகீழாகச் செலவு செய்கிறார்கள் என்பதுதான் என் குறை. கண்ணுக்குத் தெரியும் டயருக்கு முதலில், தெரியாத ஹோஸுக்கு மிச்சம் இருந்தால். அதோடு, பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தூக்கல் தேவையே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அன்று காபி குடித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு இருவரும் வண்டிக்கு அடியில் படுத்தோம். ஜிப்ஸியின் வசதி அதுதான், நான்கு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் முழு ஆக்சில். எல்லாம் வெளிப்படை. ஆக்சிலுக்கும் சேஸுக்கும் உள்ள இடைவெளியை நான்கு இடத்திலும் அளந்தோம். டிரைவர் பக்கம் இடதுபக்கத்தைவிட ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தது. இடதுபக்கமும் ஒழுங்கில்லை. பட்டைகள் கிட்டத்தட்டத் தட்டையாகியிருந்தன. நல்ல நிலையில் உள்ள ஜிப்ஸியோடு ஒப்பிட்டால், இந்த வண்டி ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாமல் இழந்துவிட்டிருந்தது. ஏற்ற வேண்டும் என்று அவன் ஆசைப்பட்ட இரண்டு அங்குலத்தில் பாதிக்கு மேல், வண்டியே ஏற்கெனவே வைத்திருந்து தொலைத்தது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. தொலைந்த உயரத்தை மீட்பது ரிப்பேர். அதற்கு ஆர்.டி.ஓ.விடமும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் பதில் சொல்லத் தேவையில்லை. ஷாக், ஹோஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டீயரிங் எல்லாமே அந்த உயரத்துக்காகச் செய்யப்பட்டவைதான்.

மீட்பதற்கு இரண்டு வழி. கம்பெனி அளவிலேயே புதிய ஸ்பிரிங் செட் வாங்கி மாட்டுவது நல்ல வழி. பழைய பட்டையையே மறுபடி வளைத்துக் கொள்வது மலிவான வழி. இரண்டாவதில்தான் ஏமாறுகிறார்கள். என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் பட்டை என்பது சும்மா வளைந்த இரும்பு அல்ல. சிலிக்கான் கலந்த எஃகு. உலையில் 850 டிகிரிக்கு மேல், செக்கச் சிவக்கச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே அச்சில் வளைத்து, எண்ணெயில் முக்கி எடுப்போம். அப்போது அது கண்ணாடி மாதிரி. கடினம் உண்டு, ஆனால் கீழே போட்டால் உடையும். பிறகு 450 டிகிரி வாக்கில் இன்னொரு உலையில் வைத்துப் பதப்படுத்துவோம். அதற்குப் பிறகுதான் வளைந்து திரும்பும் குணம் வரும். கடைசியாக, சுமை ஏறும்போது இழுபடுகிற உட்புற முகத்தில் சிறு இரும்புக் குண்டுகளை வேகமாக அடிப்போம். அந்த முகத்தில் விரிசல் எளிதில் விழாமல் இருக்க அதுதான் காப்பு.

சாலையோரப் பட்டறையில் நடப்பது வேறு. பச்சையாகவே, சூடு காட்டாமல், சுத்தியலால் அடித்து வளைவு கூட்டுவார்கள். வண்டி உயர்ந்து நிற்கும். வீட்டுக்கு வந்து போட்டோ எடுக்கலாம். சில மாதத்தில் பழையபடி உட்கார்ந்துவிடும். சுத்தியல் ஆழமாகப் பதிந்த இடத்தில் விரிசலும் தொடங்கலாம். இதைவிட மோசம், கேஸ் வைத்து ஒரு இடத்தில் மட்டும் சிவக்கச் சுட்டு வளைப்பது. சுட்ட இடம் ஒன்று மெத்தென்று ஆகும், அல்லது தண்ணீர் ஊற்றினால் அப்பளம் ஆகும். பட்டை மேல் வெல்டிங் வைக்கிறவரைக் கண்டால் நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். உலையும் எண்ணெய்த் தொட்டியும் வைத்திருக்கிற ஸ்பிரிங் பட்டறைகள் லாரி அதிகம் உள்ள நம் ஜி.என்.டி. ரோட்டுப் பக்கம் தேடினால் கிடைக்கும். "டெம்பரிங் பண்ணுவீங்களா?" என்று கேளுங்கள். பதிலைவிட அவர் முகத்தைப் பாருங்கள்.

மாட்டும்போது யு போல்ட்டும் புஷ்ஷும் புதிது போடுங்கள். அதிகம் ஆகாது. புஷ் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்காமல், நான்கு சக்கரமும் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகு முறுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழியும்.

இனி டயருக்கு வருகிறேன். டயருக்கும் நமக்கும் பழைய உறவு. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். இப்போது கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் லாரி டயர் செய்கிறது. ஆனாலும் டயர் ஓரத்தில் எழுதியிருக்கிற எண்ணை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவன் வண்டியில் இருந்தது 205/70 ஆர் 15. கணக்குப் போட்டால் விட்டம் 668 மி.மீ. அவன் ஆசைப்படும் 235/75 ஆர் 15-இன் விட்டம் சுமார் 733. வித்தியாசம் 65 மி.மீ. ஆனால் ஆக்சில் நிற்பது சக்கரத்தின் நடுவில். ஆகவே அது உயர்வது இதில் பாதி, 33 மி.மீ.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் ஆக்சில் ஒரு மயிரிழை கூட உயராது. நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை பாறையில் இடிக்கிறது என்றால், அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். ஸ்பிரிங்கைத் தூக்கினால் உடம்பு மட்டுமே உயரும். ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் அதுவும் ஒரு அங்குலம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதானே இறங்குகிறது. முன்பக்கத்தில் அப்படிச் செய்தால் ஆக்சில் லேசாகத் திரும்பிக்கொண்டு, ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது குறையும். வண்டி சாலையில் அலையும்.

235 போட்டால் வேறு என்ன ஆகும்? ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும். அதே மிதிக்கு பிரேக் பிடிப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜின் ஒவ்வொரு கியரிலும் அதே அளவு கூடுதலாகத் திணறும். மேட்டில் ஏறுவதற்காகப் பெரிய டயர் போட்டு, அந்த மேட்டிலேயே இன்ஜின் நின்று போவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு டயர் வாங்கினால் போதாது, ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். வேறு அளவு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஃபோர் வீலில் கெட்டித் தரையில் ஓட்டினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மருமகன் கணக்கில் அந்த ஐந்தாவது டயர் இல்லை.

215/75 ஆர் 15 போட்டால்? விட்டம் 703. ஆக்சில் உயர்வு 18 மி.மீ. பிரேக்கிலும் ஸ்பீடோமீட்டரிலும் மாற்றம் ஐந்து சதவீதம் போல. தொலைந்த உயரத்தை மீட்ட பிறகு அவன் வண்டியில் இது உரசாமல் உள்ளே போகும் என்பது எங்கள் டேப் சொன்னது.

இதையெல்லாம்விட மலிவான வித்தை ஒன்று இருக்கிறது. காற்றை இறக்குவது! பழவேற்காட்டு மணலிலும் பூண்டி ஏரிக்கரைச் சேற்றிலும் சிக்கிய வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். பத்துக்கு ஏழு, சாலையில் வைத்த காற்றோடு இறங்கியவை. பதினைந்து பதினாறு பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மேலே மிதக்கும். மெதுவாக ஓட்ட வேண்டும், வெடுக்கென்று திருப்பக் கூடாது, சாலைக்கு வரும் முன் திரும்ப நிரப்ப வேண்டும். ஒரு கையடக்கக் கம்ப்ரசர் விலை, ஒரு டயர் விலையில் பாதி கூட இல்லை. (மணல் என்றதும் நினைவு வருகிறது. தை முதல் பங்குனி தாண்டும் வரை அந்தக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிடுகிற காலம். தயவுசெய்து கரைமணலில் வண்டியை விடாதீர்கள்.)

"வெள்ளத்துல உதவும் மாமா" என்றான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் மாவட்டம் பட்ட பாடு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளத்தில் வண்டியை நிறுத்துவது ஸ்பிரிங் உயரம் அல்ல. இன்ஜினுக்குக் காற்று போகும் வாய் எங்கே இருக்கிறது என்பதும், ஒயர்கள் நனைகின்றனவா என்பதும்தான். ஓடுகிற தண்ணீரில் பெரிய டயர் வண்டியை மிதக்கத்தான் வைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கேட்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக, பதிவுச் சான்றில் உள்ளதற்கு ஒவ்வாமல் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் வைத்தார்கள். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்த ஷேக்கிளைத்தான். சட்டம் கொஞ்சம் மொட்டையானது என்பது என் எண்ணம். ஹோஸிலிருந்து ஷாக் வரை ஒழுங்காகச் செய்தவனையும், நாங்கள் செய்தது போலச் செய்தவனையும் அது ஒன்றாகவே பார்க்கிறது. மற்ற நாடுகள் சிலவற்றில் இருப்பது போல, மாற்றிய வண்டியை ஒரு இன்ஜினியர் சோதித்துச் சான்று தரும் வழி இங்கேயும் வந்தால் நல்லது. வரும் வரை, பொதுச் சாலையில் ஓடும் குடும்ப வண்டியைத் தூக்கு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்கு ஒரு வண்டி வைத்திருந்தால் அது வேறு கதை. அப்போதும் நீளமான ஹோஸ், சரியான நீளத்தில் ஷாக், ஆக்சில் இறங்கும் எல்லைக்கு ஒரு பட்டை, முன்பக்கக் கோணத் திருத்தம், இவை எல்லாவற்றுக்கும் காசு ஒதுக்கிய பிறகு டயர் கடைக்குப் போகட்டும்.

2000-களின் தொடக்கத்தில் நம் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி பஜேரோவை அசெம்பிள் செய்து அனுப்பினார்கள். டக்கார் ராலியில் பன்னிரண்டு முறை ஜெயித்த பெயர் அது. அந்த வண்டி ஒன்று ஊருக்குள் போனால் டீக்கடையில் எல்லோரும் எழுந்து பார்ப்போம். ஒரு அங்குலம் கூட்டலாமா என்று அன்று யாருக்கும் தோன்றியதில்லை. எங்களுக்கு அறிவு அதிகம் என்பதால் அல்ல. யாரிடமும் அந்த வண்டி இல்லை, அவ்வளவுதான்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டான். "ஆனா மாமா, 215 போட்டா வண்டி பார்க்க அவ்வளவு கெத்தா இருக்காதே" என்றான். உண்மை. இருக்காது. அவன் மகள் அதற்குள் பின் பெஞ்சில் ஏறி நின்று, மேலே உள்ள கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். அந்த பெஞ்சில் பெல்ட் இல்லை. பக்கவாட்டில் உட்காரும் சீட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன். அவனும் பார்த்தான்.

பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி உலை உள்ள பட்டறைக்குக் கொடுத்தாயிற்று. டயர் 215-ஆ 235-ஆ என்பதில் அவன் இன்னும் வாய் திறக்கவில்லை. ஸ்பிரிங் வந்து மாட்டும் அன்று என் பழைய பஸ் சிநேகிதரையும் வரச் சொல்லியிருக்கிறேன். "ஹோஸ் நாலையும் நான்தான் பார்ப்பேன், நீ கை வைக்காதே" என்று போனிலேயே கண்டிஷன் போட்டுவிட்டார். காலால் கீழே உட்கார முடியாது என்பதால் பாய் ஒன்று எடுத்து வைக்க வேண்டும். மசால்வடையும் கேட்டிருக்கிறார்.